மறதி வியாதியும் மறந்துவிட்ட சர்க்காரும்

“வயசாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்? வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.”

ஊர்தோறும் கேட்கிற பேச்சு இது. திண்ணையில் இருப்பவரும் சொல்கிறார், நாற்காலியில் இருப்பவரும் சொல்கிறார். லட்சக்கணக்கான குடும்பங்களை வாட்டி வதைக்கும் ஒரு வியாதியைப் பற்றி நம் சமூகம் கொடுக்கிற பதில் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. இதில் முதல் வாக்கியம் பொய். இரண்டாவது வாக்கியம் அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் யாருக்கு லாபம்? யார் தலையில் சுமை ஏறுகிறது? இதைத்தான் இங்கே கேட்கிறோம்.

முதுமையா, வியாதியா?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. அறுபது வயதில் வரும், முப்பது வயதிலும் வரும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, இது எதற்கு என்று விழித்தால் அது வேறு விஷயம். குழம்பில் உப்புப் போட்டோமா என்று சந்தேகப்படுவது மறதி. நாற்பது வருஷம் வைத்த குழம்பை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அடுப்படியில் திகைத்து நிற்பது வியாதி. டாக்டர்கள் இதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொல்கிறார்கள். தமிழில் நினைவிழப்பு வியாதி எனலாம். மூளையின் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. முதலில் நேற்றைய விஷயம் போகிறது. பிறகு கணக்கு, வழி, பேச்சு, பெற்ற பிள்ளையின் முகம். கடைசியில் சோற்றை விழுங்கும் சக்தியும் போய்விடுகிறது.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியல்ல. 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு ஆகஸ்டே டெட்டர் என்ற ஒரு பெண்மணியைக் கொண்டு வந்தார்கள். ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவி. வயது 51 தான்! கிழவியென்று தள்ளிவிட முடியாத வயது. தன் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியாமல் தவித்த அந்த அம்மாளைக் கவனித்த டாக்டர் அலோய்ஸ் அல்ஷைமர், 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தார். அணுக்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் படிவுகளையும், அணுக்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூல் போன்ற இழைகளையும் கண்டார். 1910-ல் அந்த வியாதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. நினைவிழப்பு வியாதிகளில் 60 முதல் 70 சதவீதம் இந்த அல்ஷைமர் வகைதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது போன்ற வேறு வகைகளும் உண்டு.

அந்தப் பெண்மணியின் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்க முடியாமல், மலிவான வேறோர் இடத்துக்கு அவரை மாற்றும்படி கணவர் கேட்டுக்கொண்டார். ஆக, இந்த வியாதியின் முதல் ஏட்டிலேயே சம்பளக்காரக் குடும்பத்தின் பணக் கஷ்டமும் பதிவாகியிருக்கிறது. நூற்றிருபது வருஷமாகியும் அந்தக் கஷ்டம் தீர்ந்தபாடில்லை.

“வயசானால் அப்படித்தான்” என்ற பொய் செய்கிற கெடுதல் சாமான்யமானதல்ல. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் புத்தி மங்கும். பி-12 சத்துக் குறைந்தாலும் மங்கும். கடுமையான மனச் சோர்விலும் மங்கும். கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் மங்கும். இவை வைத்தியத்தால் சரியாகக் கூடியவை! சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் கோளாறுக்கு, “கிழத்துக்குப் புத்தி பிசகிவிட்டது” என்று முத்திரை குத்தித் திண்ணையில் உட்கார்த்தி வைக்கிறோமே, இது எவ்வளவு பெரிய கொடுமை! அந்த முத்திரை செலவில்லாதது. அதனால்தான் அது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

வீட்டுக்குள் நடப்பது

வியாதி ஒருவருக்கு. ஆனால் அதோடு ஜீவிப்பது வீடு முழுவதும்.

தென்காசிப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ ஒரு பீடித் தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள் அந்தப் பெண். கண் ஒன்று இலையில், மற்றொன்று வாசலில். ஏன்? மாமியார் எந்த நேரமும் எழுந்து தெருவில் இறங்கி நடந்துவிடுவார். போன மாதம் பஸ் நிலையத்தில் யாரோ பார்த்துக் கூட்டிவந்தார்கள். ஆகவே கதவுக்கு மேல்பக்கம் தாழ்ப்பாள். சாப்பிட்ட அரை மணி நேரத்தில், “எனக்கு யாரும் சோறு போடவில்லை” என்று அக்கம்பக்கம் கேட்கக் கூவுகிறார் மாமியார். சுருக்குப் பையைத் தானே அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, “மருமகள் திருடிவிட்டாள்” என்கிறார். சாயங்காலம் இருட்ட ஆரம்பித்ததும், தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, “வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாள்” என்று அழுகிறார். அந்த அம்மாள் செத்து நாற்பது வருஷமாகிறது. இரவில் இரண்டு மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டதென்று வாசல் தெளிக்கப் போகிறார்.

இவ்வளவும் வியாதியின் குணங்கள். டாக்டர்களின் புத்தகங்களில் எழுதியிருப்பவை. ஆனால் அதை அந்த மருமகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஊர் அவளைச் சந்தேகிக்கிறது. “கிழவிக்குச் சோறு போடாத மகராசி” என்று புறம் பேசுகிறது. ஆயிரம் பீடி சுற்ற வேண்டிய நாளில் எழுநூறோடு நிற்கிறாள். முந்நூறு பீடியின் கூலி போயிற்று. இந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார்?

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. 2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த வியாதி. அதில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பவர்கள். 2019-ல் இந்த வியாதியால் உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். இதில் ஏறக்குறைய பாதி எது தெரியுமா? டாக்டர் பீஸும் அல்ல, மருந்து விலையும் அல்ல. வீட்டில் இருப்பவர்கள் கூலியில்லாமல் செய்த பராமரிப்பு வேலையின் மதிப்பு! சராசரியாகத் தினம் 5 மணி நேரம். அந்த மணி நேரங்களில் 70 சதவீதம் பெண்களுடையது.

நம் நாட்டின் கதை என்ன? 2024-ம் வருஷத்து நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை மத்திய சர்க்காரே வெளியிட்டது. கூலியில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடுவது நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். ஏற்கனவே முதுகு வளைந்து கிடக்கும் அந்தப் பெண்ணின் தலையில்தான் இந்த மூட்டையும் ஏற்றப்படுகிறது. ஆலையில் இவ்வளவு நேரம் கூலியில்லாமல் வேலை வாங்கினால் அதற்குப் பெயர் சுரண்டல். வீட்டில் வாங்கினால் அதற்குப் பெயர் பாசம்!

பழம்பெருமைப் பிரசங்கம்

இந்த இடத்தில் சில பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். “எல்லாம் கூட்டுக் குடும்பம் உடைந்ததால் வந்த வினை. அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் உண்டா?” என்பார்கள்.

அந்தக் காலத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போது சுமார் 70. குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியை இழுத்துத் தாழ்த்தின என்பது உண்மையே. ஆனாலும் எண்பதைத் தொட்டவர்கள் அன்று ஊருக்கு எத்தனை பேர்? பஞ்சத்திலும் காலராவிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தவர்களுக்கு நினைவிழப்பு வரும் அளவு வயசாவதற்கு எங்கே அவகாசம் இருந்தது? முதுமை இன்று ஏழைக்கும் கிடைத்திருக்கிறது. தடுப்பூசியும் குடிதண்ணீரும் ஆஸ்பத்திரியும் கொண்டுவந்த வெற்றி அது. வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டாமா?

கூட்டுக் குடும்பத்தில்தான் யார் பார்த்தார்கள்? மூத்த மருமகள் பார்த்தாள், விதவையாகி வந்த மகள் பார்த்தாள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் அழுததும் சபைக்கு வரவில்லை. அந்த மௌனத்தைத்தான் இன்று பொற்காலம் என்று வர்ணிக்கிறார்கள்.

பாசத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. தன்னைத் தெரியாத தாய்க்கு மூன்று வேளையும் பிசைந்து ஊட்டும் மகனும் மகளும் நம் மக்களிடையே ஏராளம். அவர்களை வணங்குகிறோம். பாசம் இருக்கட்டும். ஆனால் பாசத்துக்குத் தூக்கம் வேண்டாமா? மாற்றாள் வேண்டாமா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?

சட்டத்தின் இரண்டு நாக்குகள்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் ஜீவனாம்சம் தர வேண்டும், அதை வாங்கித் தரத் தீர்ப்பாயம் உண்டு, மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வசதியிருந்தும் பெற்றவரைத் தெருவில் விடுகிறவனைத் தண்டிக்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் அதே சட்டம் சர்க்காரைப் பற்றி என்ன சொல்கிறது? மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லத்தை மாநில சர்க்கார் “அமைக்கலாம்” என்கிறது. கவனியுங்கள்! பிள்ளைக்குச் சொல்லும்போது “வேண்டும்”. சர்க்காருக்குச் சொல்லும்போது “லாம்”! கூலிக்காரன் தவறினால் ஜெயில். கஜானா தவறினால் கேள்வியே இல்லை. ஒரே சட்டத்துக்கு இரண்டு நாக்குகள்!

பென்ஷன் விஷயம் இதைவிட வேடிக்கை. வறுமையிலுள்ள முதியவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு, 60 முதல் 79 வயது வரை, மாதம் 200 ரூபாய். 80 தாண்டினால் 500. 2007-ல் இருந்த 200 ரூபாய் 2025-லும் 200 ரூபாயாகவே நின்றது. தினத்துக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! தமிழ்நாட்டில் மாநிலப் பணமும் சேர்ந்து 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு வேண்டிய துணிப் பட்டைகளின் செலவுக்கே இது காணாது. ஆனைப் பசிக்குச் சோளப் பொரி!

வேலைக்குப் போகிறவர்களின் நிலையைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்கு வியாதி வந்தால் விடுப்புக் கால உதவிப் பணம் உண்டு. நினைவிழந்த தாயைப் பார்க்க வேலையை விட்டு நிற்கும் மகளுக்கு ஒரு பைசா கிடையாது. பீடித் தொழிலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் விடுப்பு என்ற பேச்சே இல்லை. அவர்கள் போகாத நாளெல்லாம் அடுப்பு எரியாத நாள்தான்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை 21 வகை இயலாமைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. மன நோய் என்பதன் விளக்கத்தில் நினைவு பாதிக்கப்படுவதும் ஒரு வார்த்தையாக வருகிறது. ஆனால் டிமென்ஷியா என்ற பெயர் அந்த அட்டவணையில் தனியாக இல்லை. பெயரில்லாத வியாதிக்காரருக்காக எந்த ஆபீஸ் கதவை எந்தப் படிவத்தோடு தட்டுவது என்று குடும்பங்கள் திணறுகின்றன.

யாரை அதிகம் பிடிக்கிறது?

“இந்த வியாதி பணக்காரன் ஏழை பார்ப்பதில்லை” என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. பெரிய பதவியில் இருந்தவர்களும் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். ஆனால் எல்லோரையும் சமமாகப் பிடிக்கிறதா?

60 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே நாடு தழுவி நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்த வியாதி, அதாவது நாட்டில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களில் நூற்றுக்கு 5.8, பெண்களில் 9. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. பள்ளிக்கூடம் போகாதவர்களிடையே அதிகம்.

2024-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. 14 காரணங்களை நீக்கினால், உலகில் இந்த வியாதிக்காரர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினருக்கு வியாதி வராமல் தடுக்கலாம் அல்லது தள்ளிப் போடலாம் என்றது. அந்தக் காரணங்கள் எவை? சிறு வயதில் படிப்பில்லாமை. காது மந்தம். கண் மங்கல். ரத்த அழுத்தம். நீரிழிவு. கெட்ட கொழுப்பு. உடற்பருமன். உடல் அசைவின்மை. தலைக் காயம். புகை. குடி. மனச் சோர்வு. தனிமை. காற்றின் மாசு.

இந்தப் பட்டியலை ஒரு தொழிலாளி படித்தால் என்ன நினைப்பான்? பத்து வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தம்பியைத் தூக்கிக்கொள்ள விட்ட சிறுமி ஞாபகத்துக்கு வருவாள். சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்று காது போனவன் ஞாபகத்துக்கு வருவான். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கொத்தனார் ஞாபகத்துக்கு வருவார். கண்புரையைக் கவனிக்கக் காசில்லாமல் தடவி நடக்கும் தாய் ஞாபகத்துக்கு வருவாள். இவர்களிடம் போய், “மூளைக்கு வேலை கொடுங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள்” என்று உபதேசம் செய்கிறார்களே, இதைவிடப் பரிகாசம் உண்டா? பள்ளிக்கூடமும், காதுக் கருவியும், கண் சிகிச்சையும், சத்தம் குறைந்த தொழிற்கூடமும் நினைவைக் காக்கும் வைத்தியங்கள். இவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

மருந்துக் கடையில் என்ன விற்கிறது?

இந்த வியாதியைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. சில பழைய மாத்திரைகள் கொஞ்ச காலம் கொஞ்சம் தெளிவு தரும். டாக்டர் சொன்னால் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் கம்பெனிகள் புது மருந்தென்று என்ன செய்தார்கள் பாருங்கள்.

2021-ல் அமெரிக்காவில் அடுகானுமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பயனுக்குப் போதிய ஆதாரமில்லை என்று அந்நாட்டு மருந்துத் துறையின் ஆலோசனைக் குழுவே சொல்லியிருந்தது. ஆனாலும் அனுமதித்தார்கள். பயோஜென் கம்பெனி வைத்த விலை வருஷத்துக்கு 56,000 டாலர்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு விலையைப் பாதியாக்கினார்கள். 2024 ஜனவரியில் அந்த மருந்தையே கைவிடுவதாக அறிவித்தார்கள். அடுத்து வந்தது லெகனமாப். 2023-ல் அனுமதி. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு வியாதியின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. மூளை வீக்கம், ரத்தக் கசிவு ஆகிய அபாயங்களும் உண்டு. விலை வருஷத்துக்கு 26,500 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 21 லட்சம் ரூபாய்க்கு மேல். பீடி சுற்றுகிறவளுக்கு இந்த மருந்து பௌர்ணமி நிலா மாதிரி. பார்க்கலாம், தொட முடியாது.

விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆராய்ச்சி நடக்கட்டும், இன்னும் வேகமாக நடக்கட்டும். ஆனால் யாருக்காக நடக்கிறது? 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழு அமைத்து, அதற்குப் பத்து கீழ் அறுபத்தாறு என்று பெயர் வைத்தார்கள். வியாதிக்காரர்களில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில். மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் அவர்களைப் பற்றியது 10 சதவீதம்கூட இல்லை. ஓர் அநீதியைக் குழுவின் பெயராகவே எழுதி வைத்தார்கள்!

குணப்படுத்தும் மருந்து வரும்வரை இந்த வியாதிக்குச் சிறந்த வைத்தியம் நல்ல பராமரிப்புதான். வியாதிக்காரரோடு வாதாடாமல் இருப்பது. “நான் யார் சொல்லு பார்ப்போம்” என்று பரீட்சை வைக்காமல் இருப்பது. தினமும் ஒரே நேரத்தில் குளியல், சாப்பாடு, தூக்கம். சட்டைப் பையில் விலாசச் சீட்டு. கழிப்பறை வழியில் இரவெல்லாம் விளக்கு. திடீரென்று குழப்பம் அதிகமானால் காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கிறதா என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. இவற்றை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது. ஆனால் இவற்றைச் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும்.

முடியாத காரியமா?

“இதற்கெல்லாம் சர்க்காரிடம் பணம் ஏது?” என்று கேட்பார்கள். ஜப்பான் ஒன்றும் சோஷலிஸ்ட் நாடல்ல. அங்கே 2000-ம் வருஷத்தில் நீண்ட காலப் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் வந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். மறுபாதிச் செலவை மத்திய, உள்ளூர் சர்க்கார்கள் வரிப் பணத்திலிருந்து போடுகின்றன. முதியவர் பகலில் நிலையத்தில் இருக்கலாம், உதவியாளர் வீட்டுக்கும் வருவார். பெரும்பாலோர் கொடுப்பது செலவில் பத்தில் ஒரு பங்கு. 2004-ல் அந்த வியாதிக்கு இருந்த இழிவான பழைய பெயரையே மாற்றினார்கள். 2023-ல் இதற்கெனத் தனிச் சட்டமும் செய்தார்கள்.

ஜப்பான் பணக்கார நாடு என்றால், பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். இந்த வியாதிக்காரர்களுக்கான அகில இந்திய சங்கம் 1992-ல் கொச்சியில்தான் பிறந்தது. 2014-ல் மாநில சர்க்காரும் சேர்ந்து தனித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கும் வழி தெரியாமல் இல்லை. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் பிரிவு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்த்து மருந்து கொடுக்க முடியும் என்று காட்டிவிட்டது. அதே படியேறிப் போகிற ஊழியர், “பாட்டிக்கு ஞாபகம் எப்படி?” என்று நாலு கேள்வி கேட்க முடியாதா? 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் தென்காசியிலிருந்து கிண்டி எவ்வளவு தூரம்?

ஒரு காலத்தில் குழந்தையைப் பார்ப்பது தாயின் வேலை மட்டுமே என்றார்கள். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. தாய்ப்பாசம் செத்தா போயிற்று? தாய் வேலைக்குப் போனாள், குழந்தை சத்துணவு சாப்பிட்டது. குழந்தைக்கு ஒரு கூரை போட முடிந்த நாட்டில் முதியவருக்கு ஒரு கூரை போட முடியாதா? அதே சமயம் அங்கன்வாடி ஊழியர்களுக்குச் செய்த அநியாயத்தை இங்கும் செய்ய விடக்கூடாது. சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று கொடுக்கும் தந்திரம் இனி வேண்டாம். பராமரிப்பு வேலையும் வேலைதான். அதற்கும் கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. வேண்டும்.

ஆண்களிடமும் ஒரு கேள்வி

இதைப் படிக்கும் ஆண் தொழிலாளிகளிடமும் ஒன்று கேட்கிறோம். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியது நம் வர்க்கம். உங்கள் வீட்டில் உங்கள் தாயாரைப் பார்க்கிறவளுக்கு எத்தனை மணி நேர வேலை? சங்கக் கூட்டத்தில் முழங்கிவிட்டு இரவு வீடு திரும்பி, “அம்மா சாப்பிட்டாளா?” என்று கேட்பதோடு கடமை தீர்ந்ததா? பெற்றவளைக் குளிப்பாட்டுவதில் கௌரவக் குறைவு என்ன இருக்கிறது? சர்க்கார் தன் பங்கைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பங்கு ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதை இன்று இரவே தொடங்கலாம்.

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாதம் ஒரு நாள் நினைவுப் பரிசோதனை. தைராய்டு, பி-12 சோதனைகள் இலவசம். காதுக் கருவியும் கண்புரைச் சிகிச்சையும் காத்திருக்க வைக்காமல்.

2. ஒன்றியம்தோறும், நகரத்தில் வார்டுதோறும் முதியோர் பகல் பராமரிப்பு நிலையம். பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கு முழுச் சம்பளம்.

3. 2007-ம் வருஷத்துச் சட்டத்தில் சர்க்காருக்கான “அமைக்கலாம்” என்பதை “அமைக்க வேண்டும்” என்று திருத்துவது.

4. மத்திய சர்க்காரின் 200 ரூபாய்ப் பென்ஷனை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது.

5. வீட்டிலிருந்து பராமரிப்பவருக்கு மாத உதவித்தொகை. வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு பராமரிப்பு விடுப்பு. நலவாரியத் தொழிலாளர்களுக்கும் இதே உரிமை.

6. மாற்றுத்திறனாளிகள் சட்ட அட்டவணையில் இந்த வியாதியின் பெயரைச் சேர்ப்பது.

வருஷந்தோறும் செப்டம்பர் 21-ந் தேதி உலக அல்ஷைமர் தினம் வருகிறது. அன்றைக்கு மேடை போட்டுப் பேசுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அந்த மறதிக்குக் காரணம் வியாதியல்ல. மக்கள் நெருக்கவில்லை என்ற தைரியம்தான் காரணம்.

ஆகவே நெருக்குவோம். மே முதல் நாள் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் ஜனவரி 26-லும் கூடுகிறது. தாயையும் தகப்பனையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு அடைபட்டிருக்கும் பெண்களை அந்தச் சபைக்கு அழைத்து வாருங்கள். அந்த இரண்டு மணி நேரம் முதியவரோடு ஆண்கள் வீட்டில் இருக்கட்டும். எங்கள் ஊருக்கு ஒரு பகல் பராமரிப்பு நிலையம் வேண்டும் என்ற தீர்மானத்தை அந்தப் பெண்களே எழுந்து நின்று முன்மொழியட்டும்!